சோர் பஜார் படங்களும் மும்பை மழையும்

ஆசிரியருக்கு,

நடைச் சுவரைப் பழைய பொருட்களால் அலங்கரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த குறிப்பு, வாங்குவதோடு நின்றுவிட்டது. மாட்டுவதில்தான் சிக்கலே.

வாங்குவதிலும் ஒரு சேதி. மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் 'ரவி வர்மா அச்சகத்துப் படம்' என்று நீட்டினால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 1894-இல் மும்பையில் தொடங்கிய அந்த அச்சகம் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், அடித்தது. வண்ணம் ஒழுங்கற்ற பொடிப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் வட்டம் வட்டமாக, வரிசை பிசகாமல் இருந்தால் அது பிற்கால ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த மறுபதிப்பு. அழகுக்கு வாங்கலாம், பழசின் விலை கொடுக்காதீர்கள். சோர் பஜாரின் மட்டன் தெருக் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

மூன்றடி அகல நடையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் துருத்தும் எதுவும் தோளில் இடிக்கும். படங்களின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். நடுப்படத்தின் மையம் தரையிலிருந்து 57 அங்குலம், இடைவெளி இரண்டு அங்குலம். எனாமல் விளம்பரப் பலகை கனமானது, பூச்சில் அடித்த ஆணி தாங்காது. 6 மி.மீ. துளை, அதற்குள் செருகும் பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ, அதுவும் செங்கல்வரை போக வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும்.

குளியலறையை ஒட்டிய சுவரில் காகிதப் படம் கூடவே கூடாது. மற்ற சுவர்களிலும் சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் காற்றோடும். இல்லையேல் மழைக்காலத்தில் பூஞ்சைதான். கண்ணாடி படத்தைத் தொடாதபடி படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையும் அவசியம். தொட்டால் ஈரத்தில் மை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும்.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை