நான்கு வரியும் ஒரு கிராணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கணினிப் பக்கத்தில், எக்செல் அட்டவணையை மின்னஞ்சலில் அழகாக அனுப்புவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. “நான்கே வரி நிரல் போதும், நம் கிராணிகள்தான் இன்னும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்” என்று அதில் ஒரு வாக்கியம். நான் 27 வருடமாகக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. பசியாறிக்கொண்டே படித்தேன், அதற்குமேல் தோசை இறங்கவில்லை.

அந்த நான்கு வரியை உங்கள் மின்னிதழிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டிப் பார்த்தேன். (ஆம், வெட்டி ஒட்டினேன். கிராணிதானே.) முதல் வரியைத் தாண்டவில்லை. நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறிகளை உங்கள் அச்சுப் பிரிவு அழகுக்காக வளைத்துவிட்டது. அந்த நிரல் எழுதப்பட்ட பைத்தான் மொழி, வளைந்த குறியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு பாண்டாக் கரடிப் படம் வேறு. அட்டவணைகளைக் கையாள அந்த நிரல் பயன்படுத்தும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸின் பெயர் ‘பேனல் டேட்டா’ என்பதிலிருந்து வந்தது, ஐயா. கரடிக்கு அங்கே வேலையில்லை.

குறிகளை நிமிர்த்தியதும் ஓடியது, சரி. ஆனால் நான்காவது வரி, அட்டவணையை எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) ஆக்கியதோடு கைகழுவிவிடுகிறது. அனுப்புவது யார்? அனுப்பும்போது ‘இது எச்டிஎம்எல்’ என்று சொல்லாவிட்டால், பெறுபவர் திரையில் வெறும் கோண அடைப்புகளாகக் கொட்டும். நான் முதன்முதலில் அனுப்பியது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மேலாளர் கூப்பிட்டு, “என்னய்யா, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு?” என்றார்.

மறுநாள் ஒழுங்காகப் போனது. என் கைப்பேசியில், ஜிமெயிலில், ஒரு வரி வெள்ளை, ஒரு வரி இளநீலம் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மேலாளர் மேசையில் இருப்பதோ அவுட்லுக். அங்கே நீலமே இல்லை. விண்டோஸின் பழைய (கிளாசிக்) அவுட்லுக் 2007 முதல் மின்னஞ்சலைக் காட்டுவது வேர்டின் இயந்திரத்தைக் கொண்டு. ‘ஒன்று விட்டு ஒரு வரிக்கு நிறம்’ என்று தலைப்பகுதியில் எழுதிவைத்தால் அதற்கு ஏறாது. நிறம், கோடு, இடைவெளி எல்லாவற்றையும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தனித்தனியாக எழுத வேண்டும். அப்படி உள்ளே தள்ளிவிடுவதற்கென்றே ‘பிரீமெயிலர்’ என்று ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. தங்களுக்குத் தெரியாததல்ல, சந்தாதாரர்களுக்குத் தாங்களும்தானே தினமும் மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். அது என் அவுட்லுக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வருகிறது. மரியாதை கருதி இத்தனை நாள் சொல்லவில்லை.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மரண சகாய நிதிக்கும் நான்தான் செயலாளர். 2018இல் மாதக் கணக்கை இப்படியே அட்டவணையாக்கி உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். குறிப்பு என்ற பத்தியில் நான் எழுதியது: ‘மறைந்த உறுப்பினரின் துணைவியாரிடம் 2,000 வெள்ளி ஒப்படைக்கப்பட்டது’. போய்ச் சேர்ந்தது: ‘மறைந்த உறுப்பினரின் துணைவியாரிடம் 2,000 வெள்ளி ...’. அன்றிரவே ஒரு பெரியவர் போன் போட்டு, “தம்பி, ரெண்டாயிரம் வெள்ளி என்னாச்சு? மூணு புள்ளி வெச்சு நிறுத்திட்டீங்க?” என்றார். அப்போதைய பாண்டாஸ், ஒரு கட்டத்தில் 50 குறிக்கு மேல் போனால் 47ஐ வைத்துக்கொண்டு மீதிக்குப் புள்ளி வைத்துவிடும். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால் ஐந்தாறு சொல்லிலேயே 50 வந்துவிடுகிறது. 2019இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ரசீதைப் புகைப்படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடும்வரை என்னைப் பார்த்த பார்வைகளை யார் சரிசெய்வது?

அப்புறம் வேறொரு மாதம் வேலாயுதம், வள்ளியம்மை என்று ‘வ’ வரிசைக்காரர்களாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள், பட்டியலில் தங்கள் பெயர் இல்லையென்று. 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடுகிறது. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். அவுட்லுக்குக்காகக் கட்டத்துக்குக் கட்டம் எழுதிய நிறம் தனி. அகர வரிசையில் கடைசியில் பிறந்தவர்கள் பாவம். 2005இல் பிறந்த பிள்ளைகளின், ‘05’ என்று தொடங்கும் அடையாள அட்டை எண்ணில் முன்பூஜ்யம் காணாமல் போகும் கதையை எடுத்தால் இன்னொரு கடிதம் ஆகும்.

இன்னொரு கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே கணினிப் பக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மூன்று வரி போட்டீர்கள், அடியில் ‘வாசகர், பினாங்குத் தீவு’ என்று. பிறை தீவில் இல்லை, பெருநிலத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பினாங்குப் பாலம் 1985இல் திறந்து எத்தனை வருடமாகிறது, கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இன்னும் பாலத்தின் இரு முனையும் ஒன்றாகவே தெரிகிறது. பாலம் திறந்த அதே 1985இல்தான் நம் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியைத் தொடங்கினார். கணினியில் தமிழ் எழுத உலகத்துக்கே வழி செய்துகொடுத்த நாட்டின் நாளிதழுக்கு, ஒரு மேற்கோள் குறியை நேராக அச்சடிக்க முடியவில்லை. போகட்டும். என் தகப்பனார் நினைவஞ்சலியில் அடுத்த கட்டத்தில் இருந்தவரின் படத்தைப் போட்டதையே நான் பெரிதுபடுத்தவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: வரும் ஞாயிறு அந்த நான்கு வரியை நேரான மேற்கோள் குறிகளோடு மறுபடி போடுங்கள். கூடவே, அவுட்லுக்கில் பார்ப்பவர்களுக்கு இது போதாது என்று ஒரு வரி. இடம் பற்றாவிட்டால் கரடியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு கிராணி,
பிறை (தீவு அல்ல).