ரங்கூனில் டாக்சியும் லாரியும் ஓட்டும் தம்பிமாருக்கு, பழைய ஸ்பேர் ஒருவன் எழுதுவது

தம்பிமாரே,

போன வாரம் தாம்வேயிலிருந்து அனவ்ரட்டா ரோட்டுக் காளியம்மன் கோயிலுக்கு உங்களில் ஒருவர் வண்டியில்தான் வந்தேன். டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார். துடைத்து மினுக்கி வைத்திருந்தார். டேஷ்போர்டில் முருகன், கண்ணாடியில் மல்லிகைச் சரம், ஏசியும் ஓடியது. இந்தக் காலத்தில் ஏசி ஓடுவதே பெரிய விஷயம். பழைய புத்தி போகுமா, பின்சீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தேன். வளைந்தது, லேன் மாறியது, ஓரம் கட்டியது எல்லாம் சேர்த்துப் பதினோரு தடவை. சிக்னல் போட்டது இரண்டு தடவை. அதிலும் ஒன்று, திரும்பி முடித்த பிறகு.

"ஏன் தம்பி, பல்பு போச்சா?" என்று கேட்டேன்.

"பல்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாத்தா. போட்டா எவன் விடுறான்?"

அந்த ஒரு பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1970இல் பதினைந்து வயதில் ஹினோ லாரியில் ஸ்பேராக ஏறியவன் நான். ஸ்பேர் என்றால் தமிழ்நாட்டில் கிளீனர் என்பார்களே, அதுதான். ஏறிய வருஷக் கடைசியில், டிசம்பர் 6ஆம் தேதி, நாடே பக்கம் மாறியது. முந்தின நாள் வரை இடப்பக்கம் ஓடிய வண்டிகள் விடிந்ததும் வலப்பக்கம் ஓடின. அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின்னுக்கு ஜோசியர் சொன்னார், அவரே கனவு கண்டார் என்று டீக்கடைக்கு ஒரு கதை. எது உண்மையோ, ரோடு மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. நடுக்கோட்டுப் பக்கம் இருக்கவேண்டிய டிரைவர் வாய்க்கால் பக்கம் உட்கார்ந்துகொண்டார். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

எதிரில் வருவது தெரிகிற சீட்டில் இருந்தவன் ஸ்பேர். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "வா, வா" என்றால் டிரைவர் அண்ணன் ஏறுவார். "இரு" என்றால் அடங்குவார். என் "வா"வை நம்பி அவர் எத்தனை தடவை எதிர்ப்பக்கம் ஏறியிருப்பார் என்று இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. பாதி நேரம் தூக்கக் கலக்கத்தில் சொன்ன "வா" அது.

ரங்கூனுக்குள்ளும் அப்போது சைகை எல்லாம் கையால்தான். பஸ்ஸில் கண்டக்டர் வெளியே தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டுவார், பின்னால் வருகிறவனுக்கு உள்ளங்கையைக் காட்டுவார். பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களில் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டிக் கை எழும்பும். பல வண்டிகளில் அது சிக்கிக்கொண்டு வராது. உள்ளேயிருந்து தூணை ஒரு குத்து விட்டால் டக்கென்று எழுந்து நிற்கும். சின்னப் பையன்கள் நாங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே முனையில் நிற்போம்.

2017 ஜனவரியில் பழைய லைன் பஸ்கள் போய் ஒய்.பி.எஸ். என்ற புது நகர பஸ் சர்வீஸ் வந்தது. காசைப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டார்கள், தகரம் தட்டிய கை போய்விட்டது. உங்கள் டாக்சியில் ஸ்பேர் என்றைக்குமே கிடையாது. உங்களுக்காகத் தலையை வெளியே நீட்ட ஆள் இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே ஸ்பேர் மூலையில் மினுக்குகிற அந்த மஞ்சள் விளக்குதான். அதற்கும் லீவு கொடுத்துவிட்டீர்கள்.

லாரிக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். "நாங்கள்தான் நாள் முழுக்கச் சிக்னல் போடுகிறோமே" என்பார்கள். அது எனக்கும் தெரியும். முன்னால் போகிறவன் வலது விளக்கைப் போட்டால் "ரோடு காலி, முந்திக்கொள்" என்று அர்த்தம். இடது விளக்கைப் போட்டால் "எதிரில் ஆள் வருது, இரு". பின்னால் இருப்பவனுக்குக் கண் தெரியாத ஊரில் முன்னால் இருப்பவன் கண்ணைக் கடன் கொடுக்கிறான். நல்ல மனசில் பிறந்த பழக்கம்தான். ஆனால் அதே வலது விளக்குக்கு, ரூல் புத்தகத்தில் உள்ளபடி, "நான் வலப்பக்கம் ஒதுங்கப் போகிறேன்" என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதே. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கவிதையில் அழகு. ரோட்டில் என்ன ஆகும் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு மாசி மாதம். நான் டிரைவராகிவிட்டேன். மெய்த்திலாவிலிருந்து வெங்காய லோடு. பியூ நெருங்குகிற நேரம், விடிந்தும் விடியாத வெளிச்சம். முன்னால் நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரி வலது விளக்கைப் போட்டது. "வா" என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். என் ஸ்பேர் பையன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் வெளியே எடுத்தேன். பாதி லாரியைத் தாண்டும்போதுதான் எதிரே பஸ்ஸின் இரண்டு லைட்டும் மூஞ்சிக்கு நேரே. நெல்லு லாரிக்காரன் என்னைக் கூப்பிடவே இல்லை. பக்கத்துக் கிராமத்து வண்டிப்பாதையில் இறங்கப் போனான், அதற்கு விளக்குப் போட்டான். சட்டப்படி அவன் செய்தது சரி. அவன் இறங்கிவிட்டதால் எனக்கு உள்ளே நுழைய இடம் கிடைத்தது, பிழைத்தோம். பஸ் என் இடப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. பின்கதவு திறந்து பத்துப் பதினைந்து மூட்டை ரோட்டில் உருண்டது. பஸ்ஸில் வந்தவர்களே இறங்கிப் பொறுக்கித் தந்தார்கள், ஆளுக்கு நாலு வெங்காயம் மடியில் போட்டுக்கொண்டார்கள் என்பது வேறு கதை. அன்றிலிருந்து முன்னால் போகிறவன் எந்த விளக்கைப் போட்டாலும் "நான் திரும்புகிறேன்" என்கிறான் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். யாரையும் விளக்குப் போட்டுக் கூப்பிட்டதும் இல்லை.

டவுனுக்குள் இதே வியாதிக்கு இன்னொரு முகம். நாலு முனை ரோட்டில் நேரே போவதற்கு நாலு விளக்கையும் போடுகிறீர்களே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பக்கவாட்டில் நிற்கிறவன் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். அவனுக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும், ஒரு விளக்குதான் மினுக்கும். உங்களுக்கு இடப்பக்கத் தெருவில் நிற்கிறவன் "இவர் இந்தப் பக்கம் வளைகிறார்" என்று நம்பி வண்டியை எடுப்பான். வலப்பக்கம் நிற்கிறவனும் அதே மாதிரி. நீங்கள் நேரே வந்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுவீர்கள். நேரே போவதற்கு விளக்கே வேண்டாம். நாலு விளக்கு, வண்டி படுத்துவிட்டால் போடுவதற்கு.

இனி அந்தத் தம்பியின் பதிலுக்கு வருகிறேன். "போட்டா எவன் விடுறான்?"

அன்றைக்கே திரும்பி வரும்போது வேறொரு டாக்சி. இவர் நல்ல பிள்ளை, லேன் மாற விளக்குப் போட்டார். போட்ட அடுத்த நொடி, பக்கத்து லேனில் இரண்டு வண்டி நீளம் தள்ளி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்த ஒரு நிசான் ஏடி வேன் திடீரென்று உயிர் வந்ததுபோல் பாய்ந்து அந்த இடத்தை அடைத்தது. விளக்கு மினுக்காமல் இருந்திருந்தால் அந்த ஆள் அப்படியே தூங்கிக்கொண்டு வந்திருப்பார். நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கை அணைத்தார். அடுத்த தடவை போடவில்லை, மூக்கை மட்டும் நுழைத்தார். உடனே இடம் கிடைத்தது. சொல்லிக் கேட்டவருக்குக் கதவடைப்பு, சொல்லாமல் நுழைந்தவருக்கு வரவேற்பு. இதைத் தினம் பத்து மணி நேரம் பார்க்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

ஆகவே என் கோபம் விளக்குப் போடாதவர் மேல் கால்பங்குதான். முக்கால்பங்கு, விளக்கைப் பார்த்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர் மேல். போலீஸ் பிடித்து அபராதம் போட்டால் முதல் ஆளைத்தான் போட முடியும். இரண்டாம் ஆளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அவரை அவரேதான் பிடிக்க வேண்டும். அந்த ஏடி வேன்காரரும் நம் தமிழ்ப் பிள்ளைதான், கண்ணாடியில் விபூதிப் பட்டை இருந்தது. அதனால்தான் மடல் போலீசுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது. பக்கத்தில் ஒருவர் விளக்குப் போட்டால் காலை எடுங்கள். பிரேக் கூட வேண்டாம், காலை எடுத்தால் போதும். ஒரு வண்டி முன்னால் போவதால் உங்கள் அன்றைய வசூல் குறையாது. குறைந்தால் என்னிடம் வந்து கேளுங்கள்.

விளக்குப் போடுகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. வளையும்போது போடுவது எதற்கும் உதவாது, வளைவதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. நீங்கள் ஓட்டும் ப்ரோபாக்ஸும் ஏடி வேனும் பிறந்த ஜப்பானில், திரும்புவதற்கு 30 மீட்டர் முன்னால், லேன் மாறுவதற்கு 3 வினாடி முன்னால் போடவேண்டும் என்பது சட்டம். மூன்று வினாடி என்பது "முருகா" என்று நிதானமாக மூன்று தடவை சொல்லும் நேரம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். சைக்கிள் ரிக்ஷா மிதிக்கும் நம் சைக்காக்காரர் அந்தச் சட்டத்தைப் படித்தவர் இல்லை, ஆனால் முனைக்கு முன்பே கையை நீட்டிவிடுகிறார். விளக்கே இல்லாத வண்டிக்காரருக்கு இருக்கிற நிதானம் அது.

டிக் டிக் சத்தம் திடீரென்று இரண்டு மடங்கு வேகமாகக் கேட்டால் சந்தோஷப்பட வேண்டாம், அந்தப் பக்கம் ஒரு பல்பு செத்துவிட்டது என்று வண்டியே உங்களிடம் சொல்கிறது. லேசாக லேன் மாறும்போது ஸ்டியரிங் அவ்வளவாகத் திரும்பாது, லிவர் தானாகத் திரும்பி வராது. கையால் அணைக்காவிட்டால் ஹ்லேடானில் போட்டது இன்செய்ன் வரை மினுக்கும். பின்னால் வருகிறவர் நீங்கள் எப்போது வளைவீர்கள் என்று வேண்டிக்கொண்டே வருவார்.

புதிதாகச் சீனாவிலிருந்து வரும் மின்சாரக் காருக்கு மாறுகிற தம்பிமாருக்கு: ஸ்டியரிங் இடப்பக்கம் வந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று, இனி எதிரில் வருவது உங்களுக்கே தெரியும். சிக்னல் லிவரும் இடது கைக்குப் போய்விட்டது. என் பேரன் வாங்கிய முதல் வாரம், ஒவ்வொரு முனையிலும் வெயிலில் வைப்பரை ஓட்டிக்கொண்டே திரும்பினான். சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளையின் கை ஒவ்வொரு முனையிலும் லிவரைத் தேடியதே, அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

புது வண்டி எடுத்ததும் முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவந்து மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறீர்கள். பழம் வைக்க ஐயர் குனிகிற நேரத்தில் இடது, வலது என்று லிவரை ஒரு தடவை தட்டிக் காட்டுங்கள். பழைய வண்டிக்காரர்களும் வரலாம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து வாசலில் மூட்டு வலிக்கு வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டிக்குப் பின்னால் நின்று எது எரியுது, எது எரியலை என்று கத்திச் சொல்கிறேன். சட்டைப் பையில் நாலு பல்பு வைத்திருப்பேன். பல்புக்குக் காசு வேண்டாம், டீ வாங்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஸ்பேர் தாத்தா
தாம்வே, ரங்கூன்