ஆண்டறிக்கை 2025: பண்ணைப் பங்குத் திட்டம்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளின் வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. இங்கே புதிதாகத் தொடங்கிய பண்ணைப் பங்குத் திட்டத்தைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

சிங்கப்பூர் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2030க்குள் நம் சத்துணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்க அரசாங்கம் 2019ல் வைத்த ‘30க்குள் 30’ இலக்கும் 2025 நவம்பரில் மாற்றப்பட்டுவிட்டது. பண்ணைகள் உள்ள கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் கீரை போடுபவருக்கு, விதைக்கும்போதே வாங்க ஆள் உறுதியாக இருப்பது பெரிய பலம். அதற்குத்தான் 10 வாரப் பணத்தை முன்னதாகக் கட்டுகிறோம். விளைந்ததில் நம் பங்கு வாராவாரம் வரும். விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும். இந்த விதியைப் படிவத்தில் எழுதாமல் வாய்மொழியாகச் சொன்னது செயற்குழுவின் தவறு. வடகிழக்குப் பருவமழையில் வெயில் குறைந்து கீரை வளராது, ஈரத்தில் சாய் சிம் என்ற சீனக் கீரையின் தண்டு அழுகும். பங்கு சிறுத்த வாரங்களில் சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டது நியாயமே. புதிய படிவத்தில் இது முதல் வரியாக இருக்கும்.

அதிகப் புகார் வந்தது வாடலைப் பற்றி. விடியற்காலையில் அறுத்த கீரை, பங்குகளை எடுத்துச்செல்லும் இடமான அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மதியம்வரை கிடந்தால் துவண்டுவிடும். எனவே எடுக்கும் நேரம் இனி காலை 9 முதல் 10.30 வரைதான். வர முடியாதவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைக்கவும். (கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்ற அனுமதியைச் செயலாளர் முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டும்.)

வீட்டுக்குக் கொண்டுபோனதும் பிளாஸ்டிக் பையை அவிழ்த்துவிடுங்கள். ஈரத்தோடு கட்டிவைத்தால் மறுநாளே கொழகொழத்துப்போகும். கழுவாமல், அழுகல் இலைகளைப் பொறுக்கிவிட்டு, காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். வேரோடு வரும் தண்டுக்கீரையை ஒரு குவளை நீரில் நிறுத்தினால் மறுநாள்வரை நிமிர்ந்து நிற்கும். கங்குங் எனும் நீர்க்கீரைக்கு அதிகக் குளிர் ஆகாது, இலை கறுத்துவிடும்; அதை முதலில் சமையுங்கள். முருங்கைக்கீரையை அன்றே உருவிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் இலை பழுத்து உதிரும்.

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு முழுப் பங்கு அதிகம். கீரை வீணாகிறது என்று விலகியவர்களில் பலர் அப்படிப்பட்டவர்களே. அடுத்த சுற்றில் அரைப் பங்கும் உண்டு. புரட்டாசியில் சைவம் சாப்பிடுவோர் கூடுவதால் அந்த மாதத்துக்கு மட்டும் கூடுதல் பங்கு கேட்கலாம். ஆனால் கீரை விதைத்து அறுக்க மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், ஆவணி பிறந்ததுமே பெயர் கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் பண்ணையால் தர இயலாது.

படிவமும் பணமும் செயற்குழுவிடம் சேர்ந்த பிறகே பங்கு உறுதியாகும்.

இவண்,
செயலாளர்