வெளியே நிற்பவருக்கும் ஒரு விதி வேண்டும்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தில் வாகனத் தரவிதிகளை வகுப்போருக்கும், இந்தியாவில் கார் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2019 ஜூலை 1 முதல் இந்நாட்டில் தயாராகும் கார்களில், ஓட்டுநருக்கான ஏர்பேக், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவற்றோடு, மின்சாரம் அற்றுப்போன நிலையிலும் உள்ளே இருப்பவர் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவித்து வெளியேறும் வழியும் இருக்க வேண்டும் என்று விதித்தீர்கள். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கியவர்களை எண்ணிச் செய்த நல்ல விதி அது. அதே கார் வெளியே நிற்பவருக்குத் திறக்க மறுத்தால் என்ன வழி என்பதோ, எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. கோவையில் கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்.

அம்பாசடரும் மாருதி 800-ம் ஓடிய காலத்தில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவருக்கு உதவ ஓர் இரும்பு ஸ்கேல் போதும். கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் இடையே அதை இறக்கி லாக்கைத் தூக்கிவிடுவோம். திருடனுக்கும் அதே ஸ்கேல் போதும் என்பதால் அந்தப் பூட்டுகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. இன்று சாவி சட்டைப் பையில் இருக்க, கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறக்கிறது. தொட்டவுடன் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அதிர்வெண்ணில் ஓர் அழைப்பு விடுக்கிறது. கதவிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்துக்கு மட்டுமே எட்டும் அந்த அழைப்பைக் கேட்ட சாவி, 433 மெகாஹெர்ட்ஸில் தன் குறியீட்டைப் பதிலாக அனுப்புகிறது. சாவி காருக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைக் கண்டறிய உள்ளேயும் ஆன்டெனாக்கள் உண்டு. பூட்டிக்கொள்ளும் சிக்கல் இனி இல்லை என்று ஷோரூமில் சொல்லப்படுவது இவற்றை நம்பித்தான்.

அந்த நம்பிக்கை முழுமையானதல்ல என்பதை உங்கள் கையேடுகளே ஒப்புக்கொள்கின்றன. டேஷ்போர்டின் மேலோ, தரையிலோ, டிக்கியின் மூலையிலோ கிடக்கும் சாவியை கார் உணராமல் போகலாம் என்ற எச்சரிக்கை அவற்றில் அச்சாகியிருக்கிறது. சாவிக்குள் இருக்கும் மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி தேய்ந்திருந்தாலும், சாவி எவர்சில்வர் டிபன் கேரியருக்கு அடியில் கிடந்தாலும் இதே நிலைதான். விலை குறைந்த வேரியன்ட்களிலோ ரிமோட் பூட்டு மட்டும் இருக்கும், சாவியைத் தேடும் ஆன்டெனா இருக்காது. ரிமோட்டால் திறந்த கார், யாரும் கதவைத் திறக்காவிட்டால் பல மாடல்களில் அரை நிமிடத்தில் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். கைப்பையை டிக்கியில் வைத்து மூடிவிட்டுக் கோயில் வாசலில் திகைத்து நிற்பவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிடுவது எளிது. கார் தன்னைக் கவனித்துக்கொள்ளும் என்று அவரிடம் சொல்லித்தானே விற்றீர்கள்?

குழந்தை உள்ளே இருக்கும்போது வரும் அழைப்புகள் வேறு வகை. அழும் பிள்ளையின் கையில் விளையாடச் சாவியைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கம் சுற்றி வருவதற்குள் அது பொத்தானை அழுத்திவிடுகிறது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வெப்பம் ஏறுவதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது; வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 50 டிகிரியைக் கடந்துவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். அத்தகைய நேரத்தில் நாங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், குழந்தை இருக்கும் இடத்திலிருந்து தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியை உடையுங்கள் என்றுதான் தொலைபேசியில் சொல்கிறேன். முன் கண்ணாடி இரு தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. அதை உடைக்க முயல்வது வீண்.

இவற்றையெல்லாம்விட அதிகமாக நாங்கள் சந்திப்பது 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போன வண்டிகளைத்தான். மின்சாரக் கார்களும் இதற்கு விலக்கல்ல. அடியில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் பெரும்பாலானவற்றின் கதவுப் பூட்டை இயக்குவது சிறிய 12 வோல்ட் பேட்டரியே. அது இறங்கினால் ரிமோட் பயன்படாது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம் என்றால் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கிறது; பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் பூட்டிய காருக்குள் இருக்கிறது. எஞ்சும் ஒரே வழி, ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய இரும்புச் சாவி. அதை உருவும் பொத்தான் எங்கே என்பது பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. தெரிந்து உருவினாலும் சாவித் துவாரம் கண்ணில் படாது. ஓட்டுநர் பக்கக் கைப்பிடியின் ஓரத்தில், காரின் நிறத்திலேயே வண்ணமடித்த பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அதை மறைத்திருக்கிறீர்கள். மூடியின் அடியிலுள்ள சிறு பிளவில் சாவி நுனியை விட்டு நெம்ப வேண்டும் என்பது ஆங்கிலக் கையேட்டில் இருக்கிறது. கையேடோ பூட்டிய காரின் குளோவ் பாக்ஸில் இருக்கிறது.

துவாரத்தை மறைப்பது அழகுக்காக என்றால் அதைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. திருட்டைத் தடுக்க என்று யாரேனும் சொன்னால் மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். 2011-இல் சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்து, சாவிக்கும் காருக்கும் இடையேயான ரேடியோ உரையாடலைத் தொலைவிலிருந்து கடத்தி, பத்தையும் திறந்து ஓட்டிச் செல்ல முடியும் என்று காட்டினார்கள். சாவித் துவாரத்தை அவர்கள் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. பலவீனம் ரேடியோவில் இருக்க, துவாரத்தை ஒளித்துப் பயனென்ன?

பிற நாடுகள் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில், 2021-ஆம் ஆண்டின் டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 குறித்து விசாரணை தொடங்கியது. 12 வோல்ட் மின்சாரம் குறைந்ததும் வெளிக் கைப்பிடிகள் செயலிழந்து, பின் இருக்கையிலிருந்த குழந்தைகளை எடுக்கப் பெற்றோர் சிலர் கண்ணாடியை உடைக்க நேர்ந்ததாக வந்த புகார்களே காரணம். கார்க் கதவுகளுக்கு உள்ளும் புறமும் இயந்திர முறையில் திறக்கும் வழி இருக்க வேண்டும் என்று சீனா வகுத்த விதி 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. கதவோடு கதவாக மூடிக்கொள்ளும் கைப்பிடிகள் நம் சாலைகளிலும் பெருகிவருவதால், நாம் தாமதிக்கக் காரணமில்லை.

ஆகவே, ரிமோட்டால் பூட்டப்படும் ஒவ்வொரு காரிலும் மின்சாரமின்றி வெளியிலிருந்து திறக்கும் சாவித் துவாரம் ஒன்றேனும் கருவியின்றி எட்டக்கூடியதாக இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். இடுக்கில் நிறுத்தினாலோ, மோதலில் ஓட்டுநர் கதவு நசுங்கினாலோ ஒற்றைத் துவாரம் உதவாது என்பதால், எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருப்பது நல்லது. துவாரமே வேண்டாம் என்று முடிவெடுக்கும் நிறுவனம், 12 வோல்ட் மின்சாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும் முனையையாவது வைக்கட்டும். நிறுவனங்களிடம் கேட்பதற்கு விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை: கார் ஒப்படைக்கும் நாளில் மாலையும் கேக்கும் வைத்துப் படமெடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இரும்புச் சாவியை உருவி, மூடியை நீக்கி, உரிமையாளரின் கையாலேயே ஒருமுறை கதவைத் திறக்கச் செய்யுங்கள், சாவியின் பேட்டரி தீர்ந்தால் அதை எங்கே வைத்து வண்டியைக் கிளப்புவது என்பதையும் காட்டுங்கள். இந்த இரண்டையும் தமிழில் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு, காரில் வைக்காமல் உரிமையாளரின் கையில் கொடுங்கள்.

விதியின் வரைவு தயாராகும்போது, கதவைத் திறந்துகொடுக்கும் பட்டறைக்காரர்களையும் சாவித் தொழிலாளர்களையும் கருத்துக் கேட்க அழைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கார் பட்டறைக்காரர்