‘ஃபேரி ரீல்’ அநாதை மெட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அயர்லாந்து பிடில் கட்டுரை, ‘ஃபேரி ரீல்’ என்ற துரித நடன மெட்டு, யார் போட்டதென்றே தெரியாத தொன்மையான ஐரிஷ் மெட்டு என்கிறது. ஆளும் தெரியும், ஆண்டும் தெரியும். எடின்பரோவில் பிடில் வாசித்து, இசைப் புத்தகங்களும் பதிப்பித்த நத்தானியல் கோ (1763–1831) என்ற ஸ்காட்லாந்துக்காரர், அந்நாட்டு ஃபைஃப் பகுதி வேட்டைக் கழகத்தின் 1802-ஆம் ஆண்டு நடன விருந்துக்காக ‘ஃபேரி டான்ஸ்’ என்று போட்டது அது. அவருடைய தந்தை நீல் கோவும் பெயர்பெற்ற பிடில்காரர்.

அயர்லாந்தின் டோனகல் பகுதியிலிருந்து உருளைக்கிழங்கு அறுவடைக்கு ஸ்காட்லாந்து போய்வந்த கூலியாட்களோடு இப்படிப் பல மெட்டுகள் அயர்லாந்துக்கு வந்தன. நம் தருமபுரிக்காரர்கள் பெங்களூரு கட்டட வேலைக்குப் போய்க் கன்னடப் பாட்டோடு திரும்புவது போலத்தான். டோனகல் பக்கம் சில மெட்டுகளைத் தேவதைகளிடம் கேட்டுக் கற்றதாகக் கதை சொல்வார்கள். பெயரிலேயே ‘ஃபேரி’ என்று தேவதை இருந்தால் கேட்கவா வேண்டும்! இயற்றியவர் தெரியாத மெட்டுக்கு ‘லண்டன்டெரி ஏர்’ நல்ல உதாரணம். வட அயர்லாந்தின் லிமவாடி ஊரில் ஜேன் ராஸ் என்ற பெண்மணி குறித்தெடுத்ததை, இசைத் தொகுப்பாளர் ஜார்ஜ் பெட்ரி 1855-ல் அச்சிட்டார். அதற்கு முந்தைய சரித்திரம் சர்ச்சைதான்.

‘ஃபேரி ரீல்’ கர்நாடக வயலினில் படியாது என்ற அந்தக் கட்டுரையின் வரியை ஏற்க முடியவில்லை. மெட்டு மேற்கத்திய முறையில் டி மேஜர். டி-யைச் சட்ஜமாக வைத்தால் எல்லாம் சங்கராபரண ராக ஸ்வரங்கள். முதல் பகுதி இது (காற்புள்ளி, முந்தைய ஸ்வரத்தை ஒரு மாத்திரை நீட்டுவது):

க,கச க,கச | க,கச நிபரிம | க,கச மகரிச | நிபதநி ச,ச,

நி, ப, த மூன்றும் மந்தர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி. மொத்தம் 32 மாத்திரை. அட்சரத்துக்கு நான்காகப் பிடித்தால் ஆதி தாளத்தில் சரியாக ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று. இரண்டாம், மூன்றாம் தந்திகளிலேயே முடிந்துவிடும், கை நகர வேண்டாம். பிசகுவது ‘நிபரிம’வில். மூன்றாம் தந்தியில் நி இரண்டாம் விரல், ப வெறும் தந்தி; உடனே இரண்டாம் தந்திக்குத் தாவி ரி முதல் விரல், ம மூன்றாம் விரல். வில்லை நீளமாக இழுப்பவர்களுக்கு இந்த இடத்தில் இரண்டு தந்தியும் சேர்ந்து உரசும். வில்லின் நடுவில் நான்கு விரற்கடை மட்டும் ஓட்டி, ஸ்வரத்துக்கொரு வில்லாக, முதல் காலத்தில் மெதுவாகச் சாதகம் செய்ய வேண்டும்.

அடுத்த வில்லங்கம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. ம, நி இரண்டையும் கைப்பழக்கத்தில் அசைத்தால் ரீல் போய்விடும். கோவின் சமகாலத்தவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) பிரிட்டிஷ் தேசிய கீதமான ‘காட் சேவ் தி கிங்’ மெட்டில் அமைத்த ‘ஸந்ததம் பாஹிமாம்’ நோட்டுஸ்வரத்தை அசைவில்லாமல் வாசிக்கிறோமே, அதே கைதான் இதற்கும். ஜோடி ஜோடியாக வரும் ஸ்வரங்களில் முதலாவதைத் துளி நீட்டினால் நடன அசைவு வரும். எல்லாம் சமமாக விழுந்தால் பாலபாடமான சரளி வரிசைதான் காதில் விழும்.

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் ‘ஐரிஷ் நாட்டுப்புற மெட்டு’ என்று அச்சடிக்கிறவர்கள் இனி ‘நத்தானியல் கோ, 1802’ என்று போடலாம்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி.