அத்தைக்கு, ஒரு பருத்திக்காட்டுப் படம் பற்றி

டல்லாஸ், டெக்சாஸ்
அக்டோபர் 12

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நீங்கள் முதலில் கேட்பது, "அங்கே வெள்ளாமை உண்டா, காடு கரை கண்ணில் படுகிறதா?" என்பதுதான். நானும் ஒவ்வொரு முறையும் "உண்டு அத்தை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அதற்கு ஒழுங்கான பதிலை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. தம்பியிடம் ஒரு படத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறேன், ஒரு நாள் அவன் கணினியில் போட்டுக் காட்டுவான். வசனம் ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களுக்குப் புரியாது. ஆனால் கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்த்தால், படத்தில் பாதிக்கு வசனமே தேவையில்லை என்பதை மற்ற யாரையும்விட நீங்கள் நன்றாக உணர்வீர்கள்.

நான் இருக்கும் ஊரிலிருந்து தெற்கே ஏறக்குறைய முப்பது மைல் போனால் வாக்ஸஹாச்சி என்ற சிற்றூர் வருகிறது. எல்லிஸ் மாவட்டத்துக்கு அதுதான் தலைமையிடம். 1890களில் செம்மணற்கல்லிலும் கிரானைட்டிலும் கட்டிய நீதிமன்றம் ஊர் நடுவே கோபுரத்தோடு நிற்கிறது, அதன் தூண்களில் மனித முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு சின்ன ஊருக்கு இப்படியொரு கட்டடம் எப்படி வந்தது என்று அலுவலகத்தில் கேட்டபோது, "பருத்திப் பணம்" என்றார்கள். நூறாண்டுகளுக்கு முன்பு இந்த நாட்டிலேயே அதிகமாகப் பருத்தி விளைந்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி மண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது நம்முடைய கரிசலேதான், அத்தை. மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். இங்கே இதைக் 'கருநிலப் புல்வெளி' என்ற பொருளில் அழைக்கிறார்கள். மண்ணியல் படித்தவர்களும் நம் கரிசலையும் இதையும் ஒரே வகையில்தான் சேர்க்கிறார்கள்.

பருத்தி இப்போதும் விளைகிறது, ஆனால் காட்டில் ஆள் கிடையாது. இலை உதிர மருந்தடித்துவிடுகிறார்கள், வெறும் குச்சியில் வெள்ளையாகப் பஞ்சு நிற்கிறது, ஒரே ஒரு இயந்திரம் வரிசை வரிசையாக உருவிக்கொண்டு போகிறது. எடுத்த பருத்தியைப் பெரிய உருளையாகச் சுருட்டி, மஞ்சளோ இளஞ்சிவப்போ ஆன பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் காட்டின் ஓரத்தில் உருட்டி வைக்கிறார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பேச்சுக்குரல் இல்லை, பாட்டு இல்லை, எடை போடும் இடத்தில் சண்டையும் இல்லை.

நான் சொல்ல வந்த படம் இந்த ஊரில்தான் நடக்கிறது, எடுத்ததும் இங்கேதான். பெயர் 'பிளேசஸ் இன் தி ஹார்ட்', 1984இல் வந்தது. எழுதி இயக்கிய ராபர்ட் பென்டன் வாக்ஸஹாச்சியில் வளர்ந்தவர். நூலகத்தில் குறுந்தகடு கிடைத்தது, இரண்டு இரவுகளில் இரண்டு முறை பார்த்தேன்.

கதை 1935இல் நடக்கிறது. இங்கே 'பெருமந்தம்' என்று சொல்லும் பஞ்சக் காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊரின் காவல் அதிகாரியான கணவரைக் கூப்பிடுகிறார்கள். ரயில் தண்டவாளத்தருகே குடித்துவிட்டுத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த வைலி என்ற கறுப்பினப் பையனின் கையில் அது தற்செயலாக வெடிக்க, அவர் இறந்துபோகிறார். சற்று முன்பு சாப்பாடு பரிமாறிய அதே மேசைமேல் உடலைக் கிடத்துகிறார்கள். எட்னா என்ற அந்த மனைவி தன் அக்காவோடு சேர்ந்து உடலைத் துடைத்துக் கழுவும்போது, எத்தனையோ ஆண்டுகள் கூட வாழ்ந்தவரின் உடம்பை அன்றுதான் முதல் முறையாக முழுதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். அதே நாளில் ஊர் வெள்ளையர்கள் அந்தப் பையனைக் கொன்று, வண்டியில் கட்டி அவள் வீட்டு வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு நாளில் இரண்டு சாவுகள் விழுகின்றன, ஆனால் ஒரு வீட்டுக்குத்தான் ஊர் துக்கம் விசாரிக்க வருகிறது. படம் இதைச் சத்தமில்லாமல் காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

எட்னாவுக்கு இரண்டு பிள்ளைகள், அடமானத்தில் இருக்கும் வீடும் நிலமும், வங்கியில் கொஞ்சம் பணம். காசோலை எழுதக்கூடத் தெரியாது, கணக்கு வழக்கெல்லாம் கணவரோடு போய்விட்டது. வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுவிடலாமே என்று வங்கிக்காரர் மிகவும் மரியாதையாக எடுத்துச் சொல்கிறார். அந்த மரியாதையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமா போன பத்தாம் நாள் கூடத்தில் வந்து உட்கார்ந்த மூன்று பேரும் ஏறக்குறைய அந்தக் குரலில்தான் பேசினார்கள், நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மோஸ் வருகிறான். டேனி குளோவர் என்ற நடிகர் நடித்திருக்கிறார். வேலை தேடி நாடோடியாக அலையும் கறுப்பினத்தவன், பின்வாசலில் வந்து நிற்கிறான், ஒரு தட்டுச் சோறு கிடைக்கிறது, போகும்போது வெள்ளிக் கரண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். காவலர்கள் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும்போது, அவன் தன் வேலையாள் என்று எட்னா சொல்லிவிடுகிறாள். அதைக் கருணை என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நிலத்தில் பருத்தி போடலாம் என்று அவன் முந்தின நாள் சொன்னது அவள் காதில் இருந்தது. அவளுக்கு நிலம் இருந்தது, அவனுக்குப் பருத்தி தெரிந்திருந்தது, இரண்டும் சேராமல் இருவருக்கும் பிழைப்பு இல்லை.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேலை. சம்சாரி வீட்டு மனுஷியான உங்களுக்கு அங்கேதான் படம் பிடிக்கும். விதை வாங்கப் போனால் அரைவை ஆலைக்காரன் மட்ட ரக விதையை மூட்டையில் கட்டித் தலையில் கட்டிவிடுகிறான், மோஸ் மூட்டையைப் பார்த்தே கண்டுபிடிக்க, எட்னா திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வருகிறாள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வில் என்பவரை, வங்கிக்காரர் தன் வீட்டுச் சுமையை இறக்கும் எண்ணத்தோடு அவள் வீட்டில் வாடகைக்கு விடுகிறார். நாற்காலி பின்னிப் பிழைக்கும் அவர் முதலில் யாரோடும் ஒட்டாமல் இருந்து, மெல்ல அந்த வீட்டு மனிதர் ஆகிறார். சூறாவளி ஒன்று வந்து ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. நடுவே அக்கா புருஷனின் கள்ள உறவு என்று ஒரு கிளைக்கதை வருகிறது. அது இல்லாமலே படம் நின்றிருக்கும், நீங்கள் அந்த நேரத்தில் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வரலாம்.

வட்டித் தவணை கட்ட விலை போதாது என்று தெரிந்ததும், மாவட்டத்தில் முதல் பேலை ஆலைக்குக் கொண்டுவருகிறவருக்குக் கிடைக்கும் 100 டாலர் பரிசைக் குறிவைக்கிறார்கள். முதல் பேலுக்குப் பரிசு தருவது டெக்சாஸ் ஊர்களில் உண்மையாகவே இருக்கும் பழைய வழக்கம். ஒரு பேல் என்றால் ஐந்நூறு ராத்தல் அளவுக்குப் பஞ்சு, அதற்கு மூன்று மடங்கு எடையில் விதையோடு பருத்தி எடுக்க வேண்டும். தோளில் வாரை மாட்டி, ஆள் நீளத்தைவிட நீளமான கோணியை வரிசைக்கு நடுவே இழுத்துக்கொண்டு குனிந்தே போகிறார்கள். காய்ந்த காயோட்டின் முனை நகக்கண்ணில் குத்தி எட்னாவின் விரல்களில் ரத்தம் வரும் இடத்தில், என்னை அறியாமல் என் விரல்களை மடக்கிக்கொண்டேன். ஏழு வயதில் பள்ளி விடுமுறையில் உங்களோடு பருத்தி எடுக்க வந்து, மதியத்துக்குள் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியவள் அல்லவா நான்! கடைசியில் ஆலைக்காரனோடு விலை பேசும்போது, எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதுவரை மோஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவள் ஜெயிக்கிறாள்.

படத்தில் ஒரு குறை உண்டு, கரிசல்காட்டுக்காரி என்ற உரிமையில் சொல்கிறேன். 1929இல் ராத்தல் 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பஞ்சு, 1931இல் 6 சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. விலையை ஏற்றுவதற்காக 1933இல் அரசாங்கமே பணம் கொடுத்து, நின்ற பயிரை ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கரில் உழுது அழிக்கச் செய்தது. அடுத்த ஆண்டு ஒவ்வொரு பண்ணைக்கும் அளவு நிர்ணயித்து, அதற்கு மேல் அரைக்கும் பஞ்சுக்கு வரியும் போட்டது. ஆக 1935இல் ஆலை வாசலில் நிற்கும் எந்தச் சம்சாரியும் அந்த அளவையும் வரியையும் பற்றிப் பேசாமல் இருந்திருக்க முடியாது. படத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. இதில் இன்னும் மோசமான கணக்கு ஒன்று உண்டு. பயிரைக் குறைத்ததற்கான பணம் நிலக்காரர் கைக்குப் போயிற்று. விளைச்சலில் பங்குக்கு உழுது விதைத்த வாரக்குடிகளுக்கு அதில் உரிய பங்கு பல இடங்களில் போய்ச் சேரவில்லை, நிலம் குறைந்ததும் அவர்களைத்தான் முதலில் வெளியேற்றினார்கள். அந்தக் காலத்து டெக்சாஸ் பண்ணைகளில் பாதிக்கு மேல் சொந்த நிலமில்லாதவர்கள் பயிர் செய்தவை. எட்னாவின் நிலம் தப்பியது ஒரு கதை என்றால், காப்பாற்றுவதற்கு நிலமே இல்லாதவர்களின் கதை அதைவிடப் பெரியது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பின அம்மாள் இருக்கிறார், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள்தான் பாக்கி. அவருடைய பாட்டி இதே கருநிலத்தில் வாரத்துக்குப் பருத்தி போட்டவர். மதியச் சாப்பாட்டின்போது இந்தப் படத்தைப் பற்றி நான் ஆர்வமாகப் பேச, அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் எங்கே போனான் என்று படத்தில் சொன்னார்களா?"

சொல்லவில்லை, அத்தை. பேல் விற்று, தவணை கட்டி, நிலம் நிலைத்த பிறகு, ஒரு கறுப்பினத்தவன் வெள்ளைக்காரியை ஜெயிக்க வைத்தான் என்பதைப் பொறுக்காதவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இரவில் வந்து அவனை அடிக்கிறார்கள். கண் தெரியாத வில்தான் துப்பாக்கியோடு வெளியே வந்து, குரலை வைத்தே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கலைக்கிறார். முகத்தை மூடியவர்களை முகமே பார்க்க முடியாதவர் அடையாளம் காணும் அந்த இடம் படத்தின் உச்சம். ஆனாலும் மோஸ் இருக்க முடியாது. பிள்ளைகளுக்கும் எட்னாவுக்கும் தன்னிடம் இருந்த சின்னச் சின்னப் பொருள்களைக் கொடுத்துவிட்டு இருட்டில் நடந்து போய்விடுகிறான். நிலத்தைக் காப்பாற்றிய ஆளுக்கு அந்த நிலத்தில் இடமில்லை. முதல் முறை பார்த்தபோது எட்னாவின் வெற்றியில் நான் மகிழ்ந்துபோய், இதைச் சோகமான ஒரு காட்சி என்று மட்டும் எண்ணிக் கடந்துவிட்டேன். அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் இரண்டாம் முறை பார்த்தேன்.

எட்னாவாக நடித்த சாலி ஃபீல்டுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது, பென்டனுக்குத் திரைக்கதைக்கான விருது. அந்த ஆண்டு நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்த ஐவரில் மூவர் நிலத்தை இழக்காமல் போராடும் சம்சாரிப் பெண்களாக நடித்தவர்கள் என்பது தம்பிக்குப் பிடித்த செய்தியாக இருக்கும், சொல்லுங்கள். அப்போது அமெரிக்க விவசாயிகள் மறுபடியும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் காட்சியை மட்டும் கவனமாகப் பாருங்கள். தேவாலயத்தில் நற்கருணை நடக்கிறது, சிறு குவளைகள் அடுக்கிய தட்டு கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டே வருகிறது. ஊரைவிட்டுப் போன மோஸ் அந்த வெள்ளையர் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஏதோ வேறு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். தட்டு எட்னாவிடம் வருகிறது, அவள் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறாள், அவர் இறந்துபோன கணவர். அவர் தம் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கிறார், அவன் வைலி. 1935இல் அந்த ஊரில் அப்படி ஒரு வரிசை உயிரோடு இருப்பவர்களுக்கே சாத்தியமில்லை என்பது எடுத்தவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி உங்களிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தேன். நான் அங்கே இருக்கப் போவதில்லை என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மாமா போன வருஷம் உங்களுக்கு விதைக்கிற பதம் சொல்லி, வியாபாரியிடம் எப்போது தரலாம், எப்போது பொறுத்திருக்கலாம் என்று சொல்லி, மூன்று வெள்ளாமை கூடவே நின்ற பெரியவர் ஒருவர் இருந்தாரே, வேலியோரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாரே, அவருக்குக் காப்பி எதில் ஊற்றிக் கொடுத்தோம்? அவர் பெயர் என்ன? எனக்கு இரண்டும் தெரியவில்லை. தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லாதீர்கள், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்