11 வாய்தா, ஒரு பத்திரம்: குடும்ப நல வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்காடும் வழக்கறிஞர்கள் அனைவருக்கும், வணக்கம்.

போன வியாழக்கிழமை எங்கள் வழக்கு மறுபடி வந்தது. டவாலி பெயரை மூன்று முறை கூப்பிட்டார். வராந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். எதிர்த்தரப்பில் ஒரு ஜூனியர் எழுந்து, "சீனியர் ஹைகோர்ட் போயிருக்கார். கவுண்டரும் அஃபிடவிட்டும் இன்னும் ரெடியாகலை, ஒரு டேட் வேணும்" என்றார். கவுண்டர் என்றால் பதில் மனு, அஃபிடவிட் என்றால் பிரமாணப் பத்திரம். நீதிபதி என் வக்கீலைப் பார்த்தார். என் வக்கீல், "நோ அப்ஜெக்‌ஷன்" என்றார். பெஞ்ச் கிளார்க் தேதியைக் குறித்துக்கொண்டார். அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மொத்தமாக ஒரு நிமிடம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த ஒரு நிமிடத்துக்காக நான் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். பெண்களுக்கு இலவசம் என்பது எங்கள் ஊர் டவுன் பஸ்ஸோடு சரி. மாவட்டத் தலைநகருக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும், போக வர 130 ரூபாய். நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் பள்ளியில், மாதம் 14,000 சம்பளம். ஒரு நாள் போகாவிட்டால் 470 ரூபாய் போய்விடும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே லீவு கேட்டதால் தலைமையாசிரியை முகம் கொடுத்தே பேசவில்லை. இது போக வக்கீலுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் 500. கூட்டிப் பார்த்தால் ஒரு வாய்தா எனக்கு 1,100 ரூபாய். என் சம்பளத்தில் இரண்டு நாளுக்கு மேல்.

விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டது என் கணவர். மகனுக்கும் எனக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு நான் மனுப் போட்டது 2023 ஆகஸ்டில். 22 மாதத்தில் 17 வாய்தா. 3 முறை நீதிபதி விடுப்பு. 2 முறை நீங்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு. ஒரு முறை கவுன்சிலிங். மீதி 11 முறையும் ஒரே காரணம்தான்: எதிர்த்தரப்பின் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாத சட்டத்தை நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் என் கேஸ் கட்டுக்குள் மடித்து வைத்திருக்கிற ஒரு தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தது. ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர்.சுபாஷ் ரெட்டியும் கொடுத்த தீர்ப்பின் கடைசிப் பக்கங்கள் அவை. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்கிறது அது. எதிர்மனுதாரர் அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் பதிலோடு சேர்த்துப் போட வேண்டும். இரண்டு வாய்ப்புக்கு மேல் தரக்கூடாது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்குவது பற்றி நீதிமன்றம் யோசிக்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவும், நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் இந்த மனுவை முடிக்கச் சொல்கிறது. பிள்ளைகளின் பராமரிப்புக்கான 26-வது பிரிவிலும் அதே 60 நாள்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 ஆக இருந்து, இப்போது புதிய சட்டத்தில் 144 என்று எண் மாறிய பிரிவிலும் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு 60 நாள்தான்.

அந்த நேகா மனுப் போட்டது 2013-ல். நாக்பூரில் ஆரம்பித்தது டெல்லியில் முடிய ஏழு வருடம். இன்னொரு பெண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதானே உச்ச நீதிமன்றம் நாள்கணக்கு வைத்து எழுதியது?

இந்தத் தாளை என் வக்கீலிடம் காட்டினேன். வாங்கிப் படித்தார். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதாம்மா? அந்த சீனியர் நமக்கு வேண்டப்பட்டவர். இப்ப மெமோ போட்டு அவரைச் சங்கடப்படுத்தினா, நாளைக்கு நமக்கு ஒரு டேட் வேணும்னா குடுக்க மாட்டார்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் அம்மா இறந்தபோது வீடு தேடி வந்தவர். ஆனால் அவர் சொன்ன 'நமக்கு' என்பதில் நான் இல்லை. நீங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்கிற தேதிகள் எங்களுடைய நாட்கள், ஐயா.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஜீவனாம்ச மனு என்றால், நீங்கள் எந்தப் பக்கம் ஆஜரானாலும், முதல் வாய்தாவிலேயே உங்கள் கட்சிக்காரரின் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்யுங்கள். எதிர்த்தரப்பு அதற்காக மூன்றாவது முறை தேதி கேட்டால், தயவுசெய்து "நோ அப்ஜெக்‌ஷன்" சொல்லாதீர்கள்.

ஒரு பத்திரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். அது வராததால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். என் மகனுக்கு ஏழு வயது. போன வருட ஷூவில் கட்டைவிரல் முட்டுகிறது. பள்ளி திறந்த அன்று பின்பக்கத்தை மடித்துச் செருப்பு மாதிரி மிதித்துக்கொண்டு போனான். "அடுத்த மாசம் வாங்கலாம்டா" என்றேன். "அதுக்கும் வாய்தாவாம்மா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிய பிள்ளை அவன். பெரியவர்கள் ஒரு தேதி சொல்வார்கள், அன்றைக்கு அது நடக்காது என்பதுதான் அவனுக்குத் தெரிந்த வாய்தா. மறுநாளே கடன் வாங்கி ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

அவன் அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை, கிடைத்த வேலையைச் செய்கிறார் என்று அவர் தரப்பில் வாயால் சொல்லியிருக்கிறார்கள். வாயால் சொன்னதைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால்தான் தயக்கம் வருகிறது. ஏனென்றால் அந்தப் படிவம் விடாது. வங்கிக் கணக்கு, வண்டி, வீட்டு வாடகை வருமானம், கடன், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கேட்கும். பொய் எழுதினால் பொய்ச் சத்தியம் செய்ததாகும். உங்கள் கட்சிக்காரர் எந்தக் காரில் வந்து கோர்ட்டு வாசலில் இறங்குகிறார் என்பது உங்களுக்கும் தெரியும்தானே, ஐயா?

நான் மனைவிகளுக்காக மட்டும் எழுதவில்லை. மனைவி தரப்பு வக்கீல்களும் இதைச் செய்கிறீர்கள். வேலைக்குப் போகிற பெண்ணை, வீட்டில் சும்மா இருப்பதாக எழுதச் சொல்கிறீர்கள். எனக்கே அந்த யோசனை சொல்லப்பட்டது. பள்ளிச் சம்பளம் கையில் ரொக்கமாகத்தானே வருகிறது, காட்ட வேண்டாமே என்றார்கள். நான் காட்டினேன்.

ஆனால் வேறொரு யோசனையைக் கேட்டு நடந்தேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது.

சில மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை, பிள்ளையை அவன் அப்பாவுக்குக் காட்ட நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். வராந்தாவில் இன்னொருவர் காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் சின்ன கிரிக்கெட் மட்டை. விலைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. மாடிப்படியில் யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், அப்புறம் உட்காருவார். அவருடைய மகனை அழைத்து வரவே இல்லை. நேரம் முடிந்ததும் மட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்து, "அடுத்த தடவை வந்தா குடுத்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாட்ச்மேன் அதைத் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்து வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பொம்மை டப்பா இருந்தது.

அதற்கு முன்பு இரண்டு சனிக்கிழமை நானும் பிள்ளையைக் கூட்டிப் போகாமல் இருந்திருக்கிறேன். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்கம்மா. பணம் வராம புள்ளையை மட்டும் ஏன் காட்டணும்? நாலு தடவை திரும்பிப் போனா தானா வழிக்கு வருவான்" என்று வக்கீல் ஆபீஸில் சொன்னார்கள். காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பணமும் வரவில்லை. அப்பா வருவார் என்று கிளம்பி நின்ற பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றதுதான் மிச்சம். அந்த மனிதரின் மட்டையைப் பார்த்த பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. செய்தது நான்தான், பழி என்னுடையது. ஆனால் சொல்லிக்கொடுத்தது நீங்கள். பணத்துக்குப் பிள்ளையும் பிள்ளைக்குப் பணமும் பிணை என்று ஆனது எதனால்? பணக் கணக்கு 60 நாளில் முடிந்திருந்தால் இந்த யோசனைக்கே இடம் இருந்திருக்காது.

கோபத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-ன் 13-வது பிரிவுப்படி, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரருக்கு உரிமை என்று கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் நீதிபதி முன்னால் நேராகப் பேசித் தீர்க்கட்டும் என்றுதான் அந்த நீதிமன்றத்தையே உண்டாக்கினார்கள். இன்றைக்கு அங்கே கட்சிக்காரர் வாயைத் திறந்தால் "உங்க வக்கீல் பேசுவார், நீங்க சும்மா இருங்க" என்கிறார்கள். மொத்தமாக ஒரே தடவையில் செட்டில்மென்ட் பணம் வந்தால் அதில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக்கூடாது என்று உங்கள் பார் கவுன்சில் விதியே சொல்கிறது. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டால் நம்பிக்கை இல்லையா என்கிறீர்கள். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொன்ன பிறகும், புறக்கணிப்பு அன்று கோர்ட்டு வாசல் வரை வந்துதான் எங்களுக்கு விஷயமே தெரிகிறது. முதல் நாள் ஒரு போன் செய்தால் 600 ரூபாய் மிஞ்சும். எந்தப் பெண்ணும் தன் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கேட்கலாம் என்று 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. முதல் 15,000 ரூபாயை வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அக்காதான் சொன்னார்.

அப்புறம் அந்தக் கவுண்டர் மனுக்கள். நடத்தை சரியில்லாதவள், சமைக்கத் தெரியாதவள், மாமியாரை மதிக்காதவள் என்று எனக்கு எதிராக எழுதிய அதே மூன்று வரி, வராந்தாவில் பழக்கமான இன்னொரு பெண்ணுக்கு எதிரான மனுவிலும் இருந்தது. பெயர் மட்டும் வேறு. பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டுவதற்கு உங்களுக்கு இரண்டு நிமிடம். என் மகன் வளர்ந்து ஒரு நாள் இந்தக் கட்டை எடுத்துப் படிப்பான். எழுதும்போது அவனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. உங்களில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. எதிர்த்தரப்புக்காக ஆஜரானாலும் வராந்தாவில் பார்த்தால், "பையன் சாப்பிட்டானாம்மா?" என்று கேட்கிற ஒரு மேடத்தை எனக்குத் தெரியும். நீதிபதி பணியிடம் காலியாக இருப்பதும், ஒரே நாளில் பட்டியலில் அத்தனை வழக்குகள் நிற்பதும் உங்கள் குற்றமில்லை. அதையெல்லாம் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும்தான் கேட்கிறேன். பத்திரத்தை முதல் வாய்தாவில் போடுங்கள். போடாதவருக்காக நீங்கள் தேதி வாங்கித் தராதீர்கள். உங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசி, இனி இப்படித்தான் என்று உங்களுக்குள்ளேயே ஒரு முடிவெடுத்தால்கூடப் போதும்.

அடுத்த வாய்தா வருகிற 19-ம் தேதி. என்னுடைய பத்திரம் பழசாகிவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார். எடுத்துப் பார்த்தேன். மகன் யு.கே.ஜி. படிப்பதாக அதில் இருக்கிறது. இப்போது அவன் இரண்டாம் வகுப்பு. சம்பளம், வாடகை, பள்ளிக் கட்டணம், என் பெயரில் இருக்கிற நகைக்கடன் எல்லாவற்றையும் திருத்தி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, 19-ம் தேதி காலையில் கொண்டு வருகிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஐயா, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து நீங்களும் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு மனுதாரர்